கரை வரை

முகத்துறை என்று ஒரு துறைமுக ராஜ்ஜியம். அதை ஆண்ட கீர்த்திசேகரனுக்குக் கப்பல் பைத்தியம். கொள்ளுப்பாட்டனார் கடல் கடந்து போய்வந்த கப்பலைப் போலவே, ஓர் ஆணி பிசகாமல், புதிதாக ஒன்று கட்டி மிதக்கவிட்டான். அது பாய் விரித்துப் போகும் அழகைத் திரைச்சீலையில் தீட்டச் சொல்லி ஓவியக்காரி செங்கமலத்திடம் ஒப்படைத்தான்.

செங்கமலம் கைக்குழந்தைக்காரி. இடுப்பில் பிள்ளை, கையில் தூரிகை. படத்தைச் சபைக்குக் கொண்டுவந்தபோது பிள்ளையின் காதில்கூட நீலம் ஒட்டியிருந்தது.

"பலே!" என்று சொல்ல வாயெடுத்தான் அரசன். அதற்குள் அமைச்சர் மாறநாதர் கனைத்தார். தம் தங்கை மகனுக்குக் கிடைக்காத வேலை இவளுக்குக் கிடைத்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"கொள்ளுப்பாட்டனார் கப்பல் பத்திரமாகக் கரை திரும்பியது, அரசே. இதுவோ நடுக்கடலில் நிற்கிறது. அபசகுனம்!"

அரசன் முகம் கறுத்தது. "பெண்ணே, பொழுது சாய்வதற்குள் இந்தக் கப்பல் கரைக்கு வந்தாக வேண்டும். இல்லையென்றால் உன்னை எல்லை தாண்டி விட்டுவிடுவார்கள்!"

செங்கமலம் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். படத்துக் கப்பல் எப்படி வரும்? பிள்ளையோடு எந்த ஊருக்குப் போவாள்?

அவைப்புலவர் குழைக்காதர் எழுந்தார். "எனக்குக் காது மந்தம், அரசே. எதுவரை வரவேண்டும்?"

"கரை வரை!"

"அதை இவளைப் பார்த்தே ஒருதரம் சொல்லிவிடுங்கள். பாவம், பயத்தில் காதில் விழுந்திருக்காது."

அரசன் அவள் பக்கம் திரும்பி உறுமினான். "கரை வரை!"

"கேட்டாயா அம்மா? அரச கட்டளை. போ, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள் செங்கமலம். களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் படம் வந்தது. கப்பல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் மட்டும் புதிதாக மணல், காயும் வலைகள், கையசைக்கும் ஜனங்கள்.

"கப்பல் இம்மியும் நகரவில்லையே!" என்று குதித்தார் மாறநாதர்.

"'கரை வரை' என்றார் அரசர். வரைந்துவிட்டாள்," என்றார் குழைக்காதர், பிள்ளையின் பிடியிலிருந்து மீசையை விடுவித்துக்கொண்டே.

சபை கொல்லென்று சிரித்தது. மாறநாதருக்குப் பொறுக்கவில்லை. "மோசடி! இவளை எல்லை வரை துரத்தி..."

செங்கமலம் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அதையும் வரைஞ்சிடலாம் ஐயா. வண்ணம்தான் தீர்ந்துபோச்சு."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. "இவளுக்குக் குடம் குடமாய் வண்ணம் கொடுங்கள்! அமைச்சரே, நீரே தூக்கிக்கொண்டு போம், இவள் வீடு வரை!"

மாறநாதர் திருதிருவென விழித்தார்.

"அரசே... நடக்கவா, வரையவா?"