கடல் பேசிய ஒரு நிமிஷம்

“ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி ஒலிபரப்பணும். ஆனா மூணு செகண்ட் டெட் ஏர் வந்தாலும் நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதலே” என்றார் டைரக்டர் ஞானராஜ்.

கடற்கரை வானொலியில் ஒலியை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் சிலுவைக்குத் தலை சுற்றியது. ரேடியோவில் சத்தமே வராமல் நிற்கும் நேரத்துக்குத்தான் டெட் ஏர் என்று பெயர். கேட்கிறவன், ஸ்டேஷன் செத்துப்போச்சு என்று வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

“சார், ரெண்டும் ஒண்ணுதானே?”

“அது உன் பாடு. நான் பேசி முடிச்சதும் மைக்க மூடிரு.”

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி டைரக்டர் உருக்கமாகப் பேசி முடித்தார். போட்டோவுக்காகக் கண்ணையும் மூடிக்கொண்டார். சிலுவை மைக்கை அப்படியே விட்டுவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தான்.

அலை உள்ளே வந்தது. ஊரில் எல்லா ரேடியோவிலும் அதே அலை மெல்ல வந்து, மெல்லப் போனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. போனவர்கள் எல்லாரும் எங்கோ தூரத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

நாற்பதாவது செகண்டில் அந்த அலைக்கு மேலே டைரக்டரின் குரல் கேட்டது.

“இன்னும் எவ்வளவு நேரம்லே? வடை ஆறுது.”

உடனே ஆபீஸ் போன் அலறியது. ஊரே கேட்டிருந்தது. டைரக்டர் சிலுவை பக்கம் திரும்பினார்.

“மைக்க மூடச் சொன்னேனேலே!”

“மூடினா டெட் ஏர் ஆயிரும், சார்.”

அதுவும் ஊருக்குக் கேட்டது. வாயைத் திறக்கப் பயந்து, மூடு மூடு என்று அவர் கையை ஆட்டினார். நிமிஷம் முடிய இன்னும் பத்து செகண்ட் இருந்தது. சிலுவை மூடவில்லை.