பாறுகளுக்கு ஒரு வெள்ளை மாடு

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கென்ன பைத்தியமா?"

கேட்டவர் தெய்வசிகாமணி. பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருப்பவர். ரெஜினாவைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். ஆனாலும் பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள அவளிடம்தான் மாணவராக இருந்தார்.

அவள் கையில் நசுங்கிப்போன சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் இருந்தன. மூச்சு வாங்கியது.

நடந்தது இதுதான். மேய்ச்சல் வெளியில் தெய்வசிகாமணி ஒரு செத்த மாட்டைக் கொண்டுவந்து போட்டிருந்தார். தழைகளால் மறைவு கட்டி, கேமராவோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். பிணந்தின்னிக் கழுகான பாறு ஒன்று இறங்கித் தின்ன ஆரம்பித்தது. மற்றவை மேலே வட்டமடித்தன. கூட்டமாக இறங்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

அப்போதுதான் ரெஜினா தட்டை அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

மறைவுக்குள் இருமக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒருமுறை பாக்கு மென்றதற்காக இதே மனிதரை எழுந்து போகச் சொன்னவள்.

பாறுகள் எல்லாம் போய்விட்டன.

"எத்தனை மாசமா அலைஞ்சேன் தெரியுமுங்களா? வெள்ளை மாடாத் தேடித் தேடிப் பிடிச்சேன். கறுப்புப் பறவைக்கு வெள்ளைதான் எடுப்பா இருக்கும்னு."

"வெள்ளை மாடா," என்றாள் ரெஜினா.

"ஆமாங்க. கொம்புகூட நல்ல வளைவு."

அவள் மாட்டின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். ஓரமெல்லாம் கல் வைத்தாள். மாட்டை ஏற்றிவந்த டெம்போக்காரர் குழி வெட்ட ஆள் கூட்டிவரப் போயிருந்தார்.

"பொறாமைங்களா டீச்சர்? மாணவன் உங்களைவிட நல்ல படம் எடுத்துருவான்னா?"

அவள் கல் வைப்பதை நிறுத்தவில்லை.

தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கிப்போடுகிற ஆள். ரெஜினாவுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"எனக்கு ஒரே ஒரு படம் வேணுமுங்க. ஒரு நல்ல படம். அதைக் கெடுத்துட்டீங்களே."

ரெஜினா நிமிர்ந்தாள்.

"ஒரு பாறு தின்னுட்டுதுல்ல, அது எது தெரியுமா? ஆத்தோர மருத மரத்துல கூடு வச்சிருக்கே, அந்த ஜோடியில ஒண்ணு."

"சரிங்க."

"அதைப் போய் எடுங்க."

"கிட்டவே விடாதுங்களே. மரத்தடிக்குப் போறதுக்குள்ள பறந்துருமே."

"இன்னைக்குப் போனாப் பறந்துரும். நாளன்னிக்குப் போங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். அது சரிதான். ஆனாலும் இரண்டு நாள் கழித்துக் காலையில் போனார்.

போனவர் மத்தியானம் சிரித்துக்கொண்டே ரெஜினாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், நீங்க சொன்னது நிசமுங்க. பறக்கவே இல்லை. தாழ்ந்த கிளையில உட்கார்ந்திருந்துது. மரத்தடிக்கே போயிட்டேன். என் ஷட்டர் சத்தத்துக்குக்கூட அசையலைங்க."

ரெஜினா கையை நீட்டினாள். அவர் கேமராவைக் கொடுத்தார்.

"பாருங்க. இறகு ஒவ்வொண்ணும் எண்ணலாம். என்னை நம்பிருச்சுங்க அது. தலையைக் குனிஞ்சு, கும்பிடற மாதிரி."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இறகைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். கழுத்து தொங்கிக் கிடந்தது.

"கூட்டுல குஞ்சு இருந்துதா?"

"கத்திக்கிட்டே இருந்துதுங்க. இது திரும்பிக்கூடப் பார்க்கலை."

ரெஜினா கேமராவைத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"அந்த மாடு எப்படிச் செத்துது?"

"மாடுங்களா? அது வந்து..."

"நிறம் பார்த்தீங்க. கொம்பு பார்த்தீங்க. எப்படிச் செத்துதுன்னு கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"நான் அன்னைக்கே வழியில டெம்போக்காரரைக் கேட்டேன். மடி வீங்கிச் செத்திருக்கு. துடிக்கறதைப் பார்க்கமுடியாம வீட்டுக்காரங்க வலி ஊசி போட்டிருக்காங்க. சாகற அன்னைக்குக் காலையிலகூட."



வகுப்பின் முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். மாட்டுக்கு வலியைப் போக்கும் அந்த ஊசி பாறுக்கு விஷம். அந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும், தூங்குகிறாற்போலத் தலை தொங்கும், பிறகு விழும். அப்போது அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கீழே கிடந்த கேமராவைப் பார்த்தார். திரையில் பாறு கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து ஏதாச்சும் இருக்குமுங்களா டீச்சர்? டாக்டர் யாரையாச்சும் கூட்டியாறட்டுமா? எவ்வளவு தூரமானாலும் போறேனுங்க."

"இல்லை."

"நான் வேணும்னு பண்ணலைங்க."

"அது எனக்குத் தெரியும். குஞ்சுக்கிட்ட போய்ச் சொல்லுங்க."



"நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் கடைசியில்.

ரெஜினா வீட்டுக்குப் பின்னால் போனாள். மண்வெட்டியோடு திரும்பி வந்தாள். மாட்டைப் புதைத்த மண் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அது இன்னும் உசுரோடதானுங்களே இருக்குது."

"ஆமா," என்றாள் ரெஜினா. "நீங்க தோண்டி முடிக்கச் சரியா இருக்கும்."