செவலையின் இரைப்பையில் ஒரு நூல்

ஒரு ஊரில் ஒரு கை இருந்தது. விடிந்ததும் கோழிகளைக் கவிழ்த்திருக்கும் பஞ்சாரத்தைத் தூக்கி, ஒவ்வொரு கோழியாய்ப் பிடித்து, கழுத்துக்குக் கீழே நெஞ்சோரம் தடவிப் பார்க்கும். அங்கேதான் கோழிக்கு இரைப்பை. பொழுது சாயும்போது அது நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது வற்றியிருக்க வேண்டும்.

அந்தக் கைக்காரி பாண்டிச்செல்வி. அவள் வாய் பேசுவது குறைச்சல். கைதான் பேசும்.

அன்றைக்குக் கை செவலைக் கோழியிடம் வந்ததும் நின்றுவிட்டது. இரைப்பை கல்லாய்க் கெட்டித்துக் கிடந்தது.

"ஏன் இன்னும் இறக்காம வச்சிருக்க?" என்று கை கேட்டது.

"சத்தம் போடாத. உள்ள கதை நடக்குது" என்றது இரைப்பை.

உள்ளே நடுநாயகமாய் உட்கார்ந்திருந்தது ஒரு மஞ்சள் நூல். சுற்றிலும் நேற்றைய சோளமும் நொய்யும் புல்லும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"நான் யாருன்னு நெனச்சீங்க? செல்வியோட அம்மா கட்டுன சுங்குடிச் சேலை முந்தானை. சுடுசட்டிய என்னை வச்சுத்தான் இறக்குவா. கறிவேப்பிலையும் கொடுக்காப்புளியும் என் முனையிலதான் முடிஞ்சு வருவா. அதை அவிழ்க்கும்போது இந்தச் செல்வி மூஞ்சியப் பாக்கணுமே!"

"அப்புறம்?" என்றது சோளம்.

"மழை வந்தா மக தலைக்கு நான்தான் குடை."

"அப்புறம்?" என்றது நொய். போக வேண்டிய இடம் அதற்கு மறந்தே போயிருந்தது.

கீழே இரையை அரைக்கும் அரைவைப் பையிலிருந்து, கோழி விழுங்கிவைத்த பொடிக்கற்கள் கத்தின: "ஏய், மேல யாரு? நேத்துல இருந்து சும்மா உரசிக்கிட்டுக் கெடக்கோம். ஒரு மணி தானியம் வரல!"

யாரும் காதில் வாங்கவில்லை. செவலை இறகைத் தொங்கப்போட்டுக் கண்ணைச் சொருகியது.

மாமியார் சீனியம்மா எட்டிப் பார்த்தாள். "என்னத்தா, உங்க அம்மா வீட்டுச் சீதனம் தூங்கி வழியுது?"

"இரை இறங்கல அத்தை."

"நாளைக்குக் காலை வரைக்கும் பாரு. இறங்கலேன்னா மெலிஞ்சு சாகுறதுக்கு முன்ன குழம்பாகட்டும். எம் மகனும் கறி தின்னு நாளாச்சு."

தை மாதம் அம்மா செத்தபோது அந்த வீட்டிலிருந்து செல்வி கொண்டுவந்தது இரண்டுதான். ஒன்று செவலை. இன்னொன்று சேலை. அதைத்தான் மகனுக்குத் தூளியாய்க் கட்டியிருந்தாள். "ஓரம் பிரியுது பாரு, துவைச்சு ஓரம் அடிச்சுக் கட்டு" என்று சீனியம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். துவைத்தால் அம்மா வாசம் போய்விடும் என்று இவள் தொடவிடவில்லை. பிரிந்த முந்தானை தரை வரைக்கும் தொங்கியது. இப்போது போய்ப் பார்த்தாள். கோழி கொத்தி இழுத்ததில் நூல்கள் பிய்ந்து கிடந்தன.

அவள் சோளத்தை எடுத்து மறைத்தாள். தண்ணீர் மட்டும் வைத்தாள். அலகோரத்தில் நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, விழுங்கும்வரை காத்திருந்து, இரைப்பையைப் பூப்போல் பிசைந்தாள்.

"அழுத்தாத" என்றது இரைப்பை.

"நான் அழுத்தல. நீ கொஞ்சம் பிடிய விடு" என்றது கை.

அடுப்பு வேலைக்கு நடுவிலும் பிள்ளையைக் குளிப்பாட்டிய ஈரத்தோடும் கை வந்து வந்து பிசைந்தது. சாயங்காலம் சோளம் முதலில் நெளிந்தது. நூலுக்குப் பதற்றம்.

"போகாதீங்க! கீழ போனா நம்மள அரைச்சிருவாங்க. அப்புறம் அந்த முந்தானையை யாருக்குத் தெரியும்?"

கீழிருந்து ஒரு கிழட்டுக் கல் நிதானமாய்க் கேட்டது. "போன மாசம் வந்த கம்பு இப்ப எங்க இருக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"எங்களுக்கும் தெரியாது. இறகுல இருக்கலாம். கோழி போடுற கூப்பாட்டுல இருக்கலாம். ஆனா இந்த ஒடம்ப விட்டுப் போகல. நீ அங்கேயே உக்காந்திருந்தா கோழி செத்துரும். அப்புறம் உன் கதைய குழம்புச் சட்டியிலதான் சொல்லணும்."

நூல் சோளத்தைச் சுற்றியிருந்த தன் பிடியை, ஒவ்வொரு சுற்றாய், தளர்த்தியது.

மறுநாள் விடிந்ததும் சீனியம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை பஞ்சாரத்துக்குள் போனது, நெஞ்சோரம் தடவியது. இரைப்பை, உதறிப்போட்ட சுருக்குப்பை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. செவலை கையைக் கொத்தியது. பசி!

செல்வி அங்கேயே உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தை மாதத்திலிருந்து அழாத அழுகை. சீனியம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தச் சேலைய இன்னைக்குத் துவைச்சிரலாம்."

"வாசம் போயிருமே?"

"போகட்டும். அந்த முந்தானையில எங்கம்மா என்னென்ன முடிஞ்சு வரும் தெரியுமா அத்தை?"

"நீ எப்பச் சொன்ன, எனக்குத் தெரிய?"

செல்வி மூக்கைத் துடைத்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. "ஒருநாள் நல்ல மழை. ரெண்டு பேரும் அந்த ஒத்த முந்தானைக்குள்ள ஒண்டிக்கிட்டு வாரோம். பாதி வழியில எங்கம்மா நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சு, செல்வி, நாளைக்கு நீயும் உன் பிள்ளைக்கு இப்படி..."

"அம்மா!" என்று தூளிக்குள்ளிருந்து கூப்பிட்டான் மகன்.