கோடு நல்லாத்தான் இருக்கு

சீடன்னா அரும்பு மீசையோட கைகட்டி நிக்கணும்னு ஒண்ணும் சட்டம் கிடையாது. சொரிமுத்துவுக்கு மீசை நரைச்சு, காதுக்குள்ள முடி முளைச்சு, பேரனும் எடுத்தாச்சு. அவரோட குரு சலேத்மேரி டீச்சருக்கு அவரைவிட பத்துப் பன்னெண்டு வயசு கம்மி. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரிக்காரங்க கைவிட்ட ஈசிஜி மெஷினையெல்லாம் பிரிச்சுப் போட்டு சரி பண்ணிக் குடுக்கிறவங்க. வயசுக்கு அவரு அண்ணாச்சி, வித்தைக்கு இவங்க டீச்சர். ரெண்டு பேருக்கும் அதுல ஒரு மனச்சடவும் கிடையாது.

சொரிமுத்து மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு. பம்புசெட்டு, மிக்ஸி, கிரைண்டர், எது செத்து வந்தாலும் உயிர் குடுத்து அனுப்பிருவாரு. ஆனா பொண்டாட்டி முப்பிடாதி ஒருநாள் காலையில தோசைக்கரண்டியோட சாஞ்சப்போ, அவரு கையில இருந்த ஸ்குரூடிரைவர் எதுக்கும் உதவல. வலது கையும் காலும் போச்சு. வாயும் போச்சு. சாமானியப்பட்ட வாயா அது? தெருக்குழாயில அவ பேச ஆரம்பிச்சா மத்தவங்க அரைக்குடத்தோட வீட்டுக்குப் போயிருவாங்க.

"இருதயத் துடிப்பு அப்பப்ப தடம் மாறுது. பக்கத்துல இருந்து பாத்துக்கிடுங்க"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு.

கடை கீழ, கட்டில் மாடியில. மோட்டார் ஓடுற சத்தத்துல மேல இடி விழுந்தாலும் கேக்காது. காலிங் பெல் வச்சுக் குடுத்தாரு. அமுக்குறதுக்கு விரல்ல பலம் இல்ல. இடது உள்ளங்கையால மெத்தையைத் தட்டுறது மட்டும்தான் அவளுக்கு மிச்சம். அதனால டீச்சர்கிட்ட போயி உக்காந்து, கேட்டுக் கேட்டு, ஒரு பட்டை செஞ்சாரு. நெஞ்சுல கட்டிவிட்டா, இருதயத்துல ஓடுற கரண்டு அவரு போன்ல கோடா ஓடும். நெட்டு இருந்தா எங்க இருந்தும் பாக்கலாம். துடிப்பு தப்பினா போன் கத்தும்.

மொதல் மாசம் அது கத்தின கத்து இருக்கே! கோடு கன்னாபின்னான்னு குதிக்கும். சொரிமுத்து வேட்டியை மடிச்சுக்கட்டி, படியை ரெண்டு ரெண்டாத் தாவி, நாக்கு வெளிய தள்ள மேல போயி நிப்பாரு. முப்பிடாதி பாட்டுக்குப் படுத்திருப்பா. கோணின வாயில ஒரு சிரிப்பு வேற.

"எளவு, உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இருதயம் நிக்கப்போகுது"ம்பாரு. தலகாணியை நேராக்கிட்டு எறங்குவாரு. கீழ வந்து செம்புக்கம்பியைத் தொடுவாரு. மறுபடியும் கத்தும்.

டீச்சர்கிட்ட வந்து அழாத கொறையா நின்னாரு.

"கை ஆடினா கோடும் ஆடும் அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர். "அந்த ஆட்டத்தைப் பிரிச்சு எடுத்துட்டா, இருதயம் மட்டும் மிஞ்சும்."

வழியும் சொல்லிக் குடுத்தாங்க. அவரு பிரிச்சாரு. போன் வாயை மூடிட்டு.

அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஆளையே காணோம். மழை இருட்டிக்கிட்டு வந்த ஒரு சாயங்காலம், இன்னொரு பட்டையைப் பையில போட்டுக்கிட்டு வந்து நின்னாரு.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி கருகின காயில் மாதிரி இருக்கு?"

"மெஷின் ஜெயிச்சுட்டு டீச்சர். ஒரு பொய் அலாரம் கிடையாது. தையல் போட்ட மாதிரி ஓடுது கோடு."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

"மெஷினு நல்லாருக்குன்னு சொல்லுது. ஆளு நல்லால்ல."

"என்ன செய்யுதாங்க?"

"ஒண்ணும் செய்யல, அதான். செவத்துப் பக்கம் திரும்பினவ திரும்பினவதான். கஞ்சியக் கொண்டுபோனா பல்லைக் கடிச்சுக்கிடுதா. உடம்பு பாதியாப் போச்சு. டாக்டர் வந்தாரு. கோட்டைப் பாத்தாரு. நல்லாத்தான இருக்குன்னுட்டுப் போயிட்டாரு. இப்படியே கஞ்சி எறங்கலைன்னா…"

தோள்ல தொங்கின பையை இழுத்து விட்டுக்கிட்டாரு.

"இப்ப வீட்டுல யாரு இருக்கா?"

"பட்டை இருக்குல்லா."

டீச்சர் அவரையே பாத்தாங்க.

"இன்னும் எதை அளக்கணும் டீச்சர்? மூச்சா, சூடா, பிரஷரா? சொல்லுங்க, செஞ்சுருதேன். பட்டையில இன்னும் எடம் கெடக்கு."

டீச்சர் கையை நீட்டி, அவரு கொண்டுவந்த பட்டையை வாங்கினாங்க.

"நான் உள்ள போயி இதைக் கட்டிக்கிட்டுப் படுக்கேன். நீங்க இங்க இருந்து போன்ல பாருங்க. எனக்கு ஏதாவதுன்னா வாங்க."

"உங்களுக்கு என்ன டீச்சர்? குருத்துல இருந்து அடி வரைக்கும் தேக்கு மாதிரி இருக்கீங்க."

"பாருங்க."

கதவைச் சாத்தியாச்சு. கொஞ்ச நேரத்துல போன்ல கோடு வந்துது. சொரிமுத்து சாஞ்சு உக்காந்தாரு. வெளிய மழை பிடிச்சு, தகரத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுது. அவரு கோட்டைப் பாத்தாரு. டீச்சரு மேசையில வச்சிருந்த டீயைக் குடிச்சாரு, அது டீச்சருக்கு வச்சதுன்னு பாதியிலதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகு மிச்சம் வைக்கிறது மரியாதையில்லன்னு அதையும் குடிச்சாரு. கடைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒருத்தன் போன்ல கூப்பிட்டான். ஸ்பீக்கர்ல போட்டு அவன்கிட்ட பேரம் பேசிக்கிட்டே கோட்டை ஒரு கண்ணு பாத்தாரு. ஏறுது, எறங்குது. ஒரு பிசிறு கிடையாது. நம்ம கையால செஞ்சதாக்கும்னு ஒரு சந்தோசம்.

கதவு திறந்துது. டீச்சரு முடியெல்லாம் கலைஞ்சு, வேர்த்து நிக்காங்க.

"எப்படி இருந்தேன் அண்ணாச்சி?"

"ராணி மாதிரி இருந்தீங்க. கோட்டுல ஒரு கொறை சொல்ல முடியாது."

டீச்சர் இடது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாங்க. செக்கச்செவேல்னு கன்னிப்போய்க் கெடந்துது.

"என்ன டீச்சர் இது?"

"மெத்தையைத் தட்டினேன். கதவைச் சாத்தினதுல இருந்து."

"எதுக்கு?"

"உங்களைத்தான் கூப்பிட்டேன்."

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துட்டு. "நல்லாருக்கே டீச்சர். தட்டினா எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆட்டத்தைத்தான நான்…"

சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. வாயி மட்டும் திறந்தபடி இருந்துது.

டீச்சர் எதுத்தாப்புல உக்காந்தாங்க. காலி டம்ளரை ஓரமா நகட்டி வச்சாங்க.

மொதல் மாசம் அவரு கண்ணு முன்னால வந்துது. கோணின வாயில அந்தச் சிரிப்பு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து, அவ கூப்பிட்ட ஒடனே அவரு ஓடி வந்தது அந்த ஒரு மாசம்தான். மெத்தையைத் தட்டினா புருசன் வருவாருன்னு, அத்தனையும் போன பிறகு அவளா கண்டுபிடிச்சு வச்சிருந்தா. அதையும் இவரு ராத்திரியும் பகலுமா உக்காந்து, பிரிச்சு எடுத்துட்டாரு.

"அவளுக்கு எதுவும் தேவைப்பட்டுக் கூப்பிடல டீச்சர். போயி நின்னா சும்மா பாப்பா."

"ம்."

"ஒருநாள் கட்டில் ஓரத்தைக் கையால தடவிக் காட்டினா. உக்காருன்னு."

"உக்காந்தீங்களா?"

"கடையில ஆளு நிக்குன்னு எறங்கிட்டேன்."

மழை கொஞ்சம் தணிஞ்சுது.

"பிரிச்சு எடுத்த ஆட்டமெல்லாம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"இருக்காது. போன்ல எடத்தை அடைக்குதுன்னு அப்பப்ப அழிச்சுரும். நான்தான் அப்படி வச்சேன்."

"அப்போ, எத்தனை நாள் தட்டினாங்கன்னு தெரியாது."

"தெரியாது."

"எப்போ விட்டாங்கன்னும் தெரியாது."

டீச்சர் தன்னோட உள்ளங்கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"வழி சொன்னவ நான். கை எதுக்கு ஆடுதுன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கல."

சொரிமுத்து திடுதிப்புன்னு போனை எடுத்தாரு. "பிரிக்கிறதையே இப்ப நிப்பாட்டிருதேன். பழைய மாதிரி குதிக்கட்டும், கத்தட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் ஏறுதேன்." அவசர அவசரமா அமுக்கினாரு. போன்ல டீச்சரோட பட்டையை விட்டுட்டு, வீட்டுல முப்பிடாதி நெஞ்சுல இருக்குற பட்டைக்கு மாத்தினாரு. இப்ப வாரது எதையும் கழிக்காத கோடு. அவ இருமினாலும் தெரியும், விரலை அசைச்சாலும் தெரியும்.

ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க.

கோடு வந்துது. ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. தையல் போட்ட மாதிரி ஓடுது.

அவரு போனை ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டி, வேட்டி நுனியால தொடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தாரு.

"டீச்சர், நிப்பாட்டின பிறகும் சுத்தமா ஓடுதே."

"கை ஆடினாத்தான கோடு ஆடும், அண்ணாச்சி."

அவரு எந்திரிச்சாரு. பையைத் தேடினாரு. பை அவரு தோள்லயே இருந்துது. செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டு, வாசல்வரைக்கும் போயிட்டு நின்னாரு.

"இனிமே தட்டுவாளா டீச்சர்?"

"நீங்க வருவீங்களான்னு யாருகிட்ட கேட்டுட்டு அவங்க தட்டினாங்க, அண்ணாச்சி?"