எல்லாருக்கும் தெரிந்த பெயர்

மலையடிவார மடத்தில் அலுவலகக் கணினி வடிவுக்கரசியின் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. அடிக்குப் பயந்து ஓடிவந்து, மடத்தில் தங்கி, பிறகு வேறு ஊரில் பிழைக்கப் போன பெண்களின் முகவரிகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

அன்று காலை திறந்ததும் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. வெளியிலிருந்து யாரோ மடத்தின் கணக்கைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறை கடவுச்சொல் தவறு.

வடிவுக்கு ஒருவன்மேல்தான் சந்தேகம். அப்படிப் போனவர்களில் ஒருத்தி பரிமளம். போன வாரம் அவள் புருஷன் வந்து மூன்று நாள் தங்கினான். விடிகாலைப் பூசையில் உட்கார்ந்து அழுதான். பரிமளம் எங்கே என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மடத்தின் தலைவி குருவம்மா தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வடிவைவிடப் பத்து வயது இளையவர். வடிவு அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அவனாத்தான் இருக்கும்மா. ஆனா திறக்க முடியாது. சக்தியுள்ள வார்த்தையாப் பார்த்து வச்சிருக்கேன். பின்னால எண்ணும் இருக்கு. முடியாதுல்லம்மா?"

குருவம்மா வாசலில் நின்ற பால்காரரைக் கூப்பிட்டார்.

"சுடலைமுத்து, நம்ம வடிவக்கா ஒரு வார்த்தையை வச்சுப் பூட்டுப் போட்டா, என்ன வார்த்தை வைப்பாங்க?"

"உலகம்மை. நம்ம அம்மன் பேருதான், வேறென்ன? அஞ்சு மணிக்கு மைக்குல அக்கா அதைத்தானே சொல்லுது. எம்மாட்டுக்கே மனப்பாடம்."

"பின்னால ஒரு எண் வேணுமாம்."

"நூத்தெட்டு. நான் எண்ணிக்கிட்டேதானம்மா பால் கறக்கேன்."

வடிவு அலுவலகத்துக்கு ஓடினாள். மூன்று தடவை தவறியவன் நாலாவது தடவைக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறானோ. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். கடைசியில், ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து வார்த்தைகளைக் கோத்துக் கடவுச்சொல்லை மாற்றினாள். அதுவரை வேறு யாரும் உள்ளே நுழையவில்லை என்று திரை காட்டியது. அப்படியும் பரிமளத்துக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"போட்டுத்தான்க்கா இருக்கேன்."

திரும்பி வந்தபோது குருவம்மா அதே பாத்தியில்தான் இருந்தார். வடிவு அவர் பக்கத்தில் குந்தினாள். மனசு ஆறவில்லை.

"அப்போ அவ பேரு நம்மளக் காப்பாத்தாதாம்மா?"

குருவம்மா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"யாரு கூப்பிட்டாலும் கதவு திறக்கணும்னுதானே அந்தப் பேரை ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்றோம், வடிவக்கா?"