யார் உடைத்த பாட்டில்?

தூத்துக்குடியில், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஊறுகாய் ஏற்றுமதியாளர் வைரவசுந்தரம் உள்ளே நுழைந்தார். கூட வந்த ஆள் ஓர் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தான்.

“மலேசியா போன என் பாட்டில்ல பாதி நொறுங்கிப்போச்சு! இதே மாதிரி பெட்டியிலதான் அனுப்பினேன். இதைத் திறக்கக் கூடாது, மலேசியாவுக்கும் போகக் கூடாது. யார் உடைச்சதுன்னு இப்பவே சொல்லணும். இல்லேன்னா என் சரக்கு இனி உங்களுக்குக் கிடையாது. வகுப்பையும் மூடிட்டுப் போங்க!”

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அமலதாஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளரே இவர்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து யசிந்தா எழுந்தாள். அன்றுதான் சேர்ந்தவள்.

“நான் சொல்றேன் சார். பெட்டி பலமானதுதானே?”

“யானை மிதிச்சாலும் தாங்கும்!”

“ரொம்ப நல்லது சார். நின்னுக்கிட்டே பேசுறீங்களே, அது மேலயே உட்காருங்க. சொல்றேன்.”

வைரவசுந்தரம் பதறிப்போனார். “பைத்தியமா உனக்கு? நான் உட்கார்ந்தா உள்ள இருக்கிற பாட்டில் எல்லாம் உடைஞ்சிடாதா?”

“கன்டெய்னர்ல இது மேல கூரை வரைக்கும் உங்க பெட்டிங்கதான் சார் உட்கார்ந்து போகுது. அதெல்லாம் சேர்ந்தா உங்களை விட கனம்.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. வைரவசுந்தரம் குனிந்து பெட்டியை ஒரு விரலால் அழுத்தினார். அட்டை உள்ளே அமுங்கியது.

பிறகு அமலதாசின் பக்கம் நகர்ந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“மரப்பெட்டி எங்கே செய்றாங்க?”