பத்து கிலோ

மாசிலாமணிக்குத் தலை நரைத்த பிறகுதான் குரு வாய்த்தாள். செண்பகவல்லி அவனைவிட இளையவள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும் புரோகிராமை இருவரும் கவனித்துக்கொண்டார்கள்.

சில நேரம் அதற்கு எடை பூஜ்யம் என்று வரும். புரோகிராம் நின்றுவிடும். நர்சுகள் போனில் கத்துவார்கள்.

மாசிலாமணி ஒரு வரி சேர்த்தான்: பூஜ்யம் வந்தால் பத்து கிலோ என்று வைத்துக்கொள். அதன்பின் போன் அடிக்கவில்லை. கைராசிக்காரன் என்றார்கள்.

பிறகு ஒரு நாள், நாலு கிலோக் குழந்தைக்குப் பத்து கிலோவுக்கான மருந்து ஏறியது. குழந்தை பிழைக்கவில்லை.

மாசிலாமணி குருவின் முன் வந்து நின்றான். வார்டில் இன்னொரு கைக்குழந்தை மருந்துக்குக் காத்திருந்தது.

"பத்தை மூணாக்கிடட்டுமா மேடம்?"

"பூஜ்யம் எங்கேருந்து வருது அண்ணே?"

"எடை மெஷின்லேருந்து."

"மெஷினுக்கு?"

மெஷின் பக்கம் அவன் போய்ப் பார்த்ததே இல்லை.

"வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டீங்க. எந்த ஊருன்னு கேக்கலியே. வாங்க."

வார்டுக்குப் போனார்கள். குளிர்ந்த தட்டில் பிள்ளையைத் தனியே கிடத்த அங்கே எந்தத் தாயும் ஒப்புவதில்லை. அதனால் பிள்ளையோடு தாய்க்கு ஒரு எடை, பிறகு தாய்க்கு மட்டும் ஒரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மெஷினே குழந்தையின் எடையைச் சொல்லும்.

காத்திருந்த குழந்தை வீறிட்டது. தகப்பன் அதை வாங்கிக்கொள்ள, தாய் முதலில் தனியே ஏறினாள். பிறகு பிள்ளையோடு ஏறினாள்.

திரையில் பூஜ்யம்.

வரிசை மாறிவிட்டதை மாசிலாமணி கவனித்தான். கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அதைப் பூஜ்யம் என்று காட்டும்படி மெஷினில் யாரோ முன்பே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

"என்ன சிஸ்டர் இது?"

"அது எப்பவாச்சும் அப்படித்தான் காட்டும். உங்க புரோகிராம்தான் பாத்துக்குதே சார்" என்று நர்ஸ் மருந்தை எடுக்கப் போனாள்.

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குழந்தையை மறுபடி, சரியான வரிசையில் எடை பார்த்தார்கள். அதன் பிறகே மருந்து.

அன்றே மாசிலாமணி எடை மெஷினின் புரோகிராமைத் திருத்தினான். தட்டில் நிற்பது தாய் மட்டுமா, பிள்ளையோடு தாயா என்று ஒவ்வொரு முறையும் அது கேட்டது.

"இனி பூஜ்யம் வராது மேடம். என் பத்து கிலோ வரி அப்படியே கிடக்கட்டுமா? ஒரு பாதுகாப்புக்கு."

"எடுத்துடுங்க."

"வேற எங்கேருந்தாவது வந்தா? புரோகிராம் நின்னுடுமே!"

"நிக்கட்டும்."

"நர்சுங்க கத்துவாங்க."

"அன்னைக்கு அவங்க கத்தியிருந்தா, அண்ணே, அந்தத் தாய் கத்தியிருக்க மாட்டா."